பத்து வீட்டுக்கு ஒரே சாவியா? பெருமாள்மலை வாடகைக்காரர்களே, உஷார்!

வீட்டுக்குப் பூட்டு உண்டு. பீரோவுக்குப் பூட்டு உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பூட்டு போடுகிறவர்களும் உண்டு.

ஆனால் வீட்டுக்குள் இருக்கும் வை-பைக்கு?

பல வாடகைக் கட்டிடங்களில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே சாவிதான்! அந்தச் சாவியையும் ஒரு சீட்டில் எழுதி, மாடிப்படி சுவரில் ஒட்டி வைத்து விடுகிறார்கள்!

வருகிறவன், போகிறவன் எல்லாம் படித்துக் கொள்ளலாம்.

வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், பழனி ரோடு வந்து சேரும் ஊர் பெருமாள்மலை. கொடைக்கானலை நெருங்கி விட்டோம் என்று பஸ்சில் வருகிறவர்கள் சுவெட்டரை எடுத்து மாட்டுகிற இடம்.

2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவு. வருகிறவர் யார், எந்த வண்டி, எத்தனை பேர், எங்கே தங்குகிறார் என்று கேட்டுப் பதிவு செய்த பிறகுதான் பாஸ்.

மலைக்கு வருகிறவரிடம் இத்தனை கேள்வி. வீட்டு வை-பைக்குள் நுழைகிறவரிடம் ஒரு கேள்வி உண்டா?

கிடையாது!

ஒரே பெட்டி

இந்தக் காலத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி வருமா?" இரண்டாவது கேள்வி, "நெட் இருக்கா?"

2020-ல் கொரோனா வந்து ஆபீஸ்கள் மூடியபோது, கம்ப்யூட்டரும் கையுமாக வீட்டிலேயே வேலை பார்க்கும் பழக்கம் பரவியது. குளிர் ஊருக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்த்தால் என்ன என்று கிளம்பியவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு ஆன்லைன் பாடம். வியாபாரிக்கு போனில் பணம். சுற்றுலாக்காரருக்கு ரூம் புக்கிங். எல்லாவற்றுக்கும் நெட் வேண்டும்.

வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? ஒரே ஒரு ஃபைபர் கனெக்‌ஷன் வாங்குகிறார். ஒரு பெட்டியை மாட்டுகிறார். கீழ் வீடு, மேல் வீடு, பின் கட்டு, சீசனுக்கு விடும் இரண்டு ரூம், அத்தனைக்கும் அந்தப் பெட்டிதான். "வாடகையோடு நெட் ப்ரீ" என்கிறார்.

நல்ல மனசு. அதைக் குறை சொல்லக் கூடாது. மலையில் மழை கொட்டும் ராத்திரியில் பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கடன் வாங்கிப் பழகிய ஜனங்கள், நெட்டையும் பங்கு போட்டுக் கொள்வதில் என்ன தப்பு?

பங்கு போடுவது தப்பே இல்லை. பூட்டு இல்லாமல் பங்கு போடுவதுதான் தப்பு!

நடந்த கதை

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நம் நாட்டில் நடந்தது.

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 56 பேர் பலி ஆனார்கள். 200-க்கு மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள்.

குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் டெலிவிஷன் கம்பெனிகளுக்கு ஒரு இ-மெயில் வந்தது. "முடிந்தால் தடுத்துப் பாருங்கள்" என்ற தோரணையில் மிரட்டல்.

எங்கிருந்து வந்தது அந்த இ-மெயில்? போலீசார் இன்டர்நெட் விலாசத்தைப் பிடித்துக் கொண்டு போனார்கள். அது நவி மும்பையில் சான்பாடா என்ற இடத்தில், ஒரு அடுக்கு மாடிக் கட்டிடத்தில் போய் நின்றது.

அந்த வீட்டில் குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். போலீஸ் வீட்டுக்கு வந்தது. கம்ப்யூட்டர்களை எடுத்துக் கொண்டு போனது. கேள்வி மேல் கேள்வி. பேப்பரில் எல்லாம் அவர் பெயர்.

அவர் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அவர் வீட்டு வை-பைக்குச் சரியான பூட்டு இல்லை. அவ்வளவுதான்! யாரோ ஒரு ஆசாமி அந்த வழியாக இ-மெயிலை அனுப்பி விட்டுக் கம்பி நீட்டி விட்டான்.

அதோடு நின்றதா? அடுத்த மாதம் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வை-பை. செப்டம்பரில் டெல்லியில் குண்டு வெடித்தபோது செம்பூரில் ஒரு கம்பெனியின் வை-பை. ஒரே தந்திரம், மூன்று இடம்!

2009 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை வை-பை உபயோகத்துக்குக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. பூட்டில்லாத வை-பை நாட்டுக்கே ஆபத்து என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஆமதாபாத் வழக்கில் 2022 பிப்ரவரியில் தனிக் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 49 பேர் குற்றவாளிகள். அவர்களில் 38 பேருக்குத் தூக்கு.

உண்மைக் குற்றவாளிகள் யார் என்று கோர்ட்டு சொல்ல 13 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் பூட்டாத வை-பைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டப் போலீசுக்குச் சில நாட்களே போதுமாக இருந்தது!

பெருமாள்மலையில் பில் யார் பெயரில் வருகிறதோ, அந்த வீட்டுக்காரர் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். வெளி உலகத்துக்கு அந்தக் கட்டிடம் முழுவதும் ஒரே விலாசம். சீசனுக்கு இரண்டு நாள் தங்கிப் போன ஆள் செய்த காரியத்துக்கும், வந்து நிற்கிற போலீஸ்காரர் தேடுவது பில்லில் இருக்கும் பெயரைத்தான்.

கூடத்தில் பத்து பேர்

வாடகைக்காரருக்கு என்ன ஆபத்து?

வை-பை என்றால் தெருக் குழாய் மாதிரி, அவரவர் குடத்தில் பிடித்துக் கொண்டு போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அது ஒரு கூடம் மாதிரி. பாஸ்வேர்டு தெரிந்த அத்தனை பேரும் அந்தக் கூடத்துக்குள் உட்கார்ந்து இருக்கிறார்கள். ஒருவர் பெட்டி படுக்கையை இன்னொருவர் பார்க்கலாம். திறந்து கிடந்தால் கையும் விடலாம்.

உதாரணத்துக்கு, மாடியில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கீழே ஒரு தம்பி. ராத்திரி எட்டு மணி. டீச்சர் வீட்டு டி.வி.யில் செய்தி ஓடுகிறது. திடீர் என்று செய்தி மறைந்து குத்துப் பாட்டு!

"யாரு ரிமோட்டை அமுக்கினது?"

"நாங்க யாருமே தொடலைம்மா!"

குடும்பமே திருதிரு என்று விழிக்கிறது. அப்புறம் கீழே இருந்து தம்பி ஓடி வருகிறான்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், எங்க டி.வி.னு நெனச்சு போன்ல உங்க டி.வி.யை அமுக்கிட்டேன்!"

இது சிரிக்கிற சமாச்சாரம். டி.வி.க்குப் பதிலாக அது டீச்சரின் கம்ப்யூட்டரில் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கும் பரீட்சைப் பேப்பராக இருந்தால்? குழந்தை தூங்கும் அறையில் மாட்டிய கேமராவாக இருந்தால்? அந்தக் கேமராவுக்குக் கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்து இருந்தால்?

அப்போது யாராவது சிரிப்பார்களா?

"நம்மகிட்ட என்னங்க ரகசியம் இருக்கு? நாம என்ன பேங்க்கா நடத்துறோம்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அனாவசியமாகப் பீதி அடையத் தேவை இல்லை. ஒரே வை-பையில் இருப்பதால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பேங்க் கணக்கைப் படித்து விட முடியாது. பேங்க் ஆப்களும், பெரும்பாலான வெப்சைட்டுகளும் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டித்தான் அனுப்புகின்றன. ஆனால் உறை எந்த விலாசத்துக்குப் போகிறது என்பதைப் பெட்டிக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் பார்க்க முடியும். கூடத்தில் இருக்கும் டி.வி., பிரிண்டர், கேமரா, திறந்து கிடக்கும் போல்டர், இவற்றை யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்க முடியும்.

2016-ம் ஆண்டு 'மிராய்' என்ற கம்ப்யூட்டர் கிருமி உலகத்தையே ஆட்டி வைத்தது. அது பெரிய மாயம் ஒன்றும் செய்யவில்லை. கம்பெனிக்காரர்கள் வழக்கமாகப் போடும் அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. திறந்த கேமரா, திறந்த ரவுட்டர் எல்லாம் அதன் அடிமை ஆயின. அந்த ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் பெரிய பெரிய வெப்சைட்டுகள் எல்லாம் அம்போ!

மாற்றாத பாஸ்வேர்டு, பூட்டாத கதவு. இரண்டும் ஒன்றுதான்.

தனிப் பூட்டு

இதற்கு வழி என்ன?

முதல் வழி, சொந்தப் பெயரில் தனி கனெக்‌ஷன். கிடைக்கிற இடத்தில் அதுவே உத்தமம். பில்லும் தனி, பொறுப்பும் தனி.

ஆனால் மலையில் நினைத்த உடனே எல்லா வீட்டுக்கும் ஒயர் வந்து விடாது. ஆறு மாதம் குடியிருக்கப் போகிறவருக்கு அது கட்டுபடி ஆகாமலும் போகலாம். அவர் என்ன செய்வது?

சொந்தமாக ஒரு சின்ன ரவுட்டர் வாங்க வேண்டும். சாதாரண ரகம் ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் கிடைக்கிறது. வீட்டுக்காரரின் பெட்டியில் இருந்து ஒரு லேன் ஒயரை இழுத்து, புது ரவுட்டரில் 'வேன்' என்று எழுதி இருக்கும் துவாரத்தில் சொருக வேண்டும். மற்ற துவாரங்களில் சொருகினால் பலன் இல்லை.

இப்போது என்ன ஆகிறது? பெரிய கூடத்துக்குள் தனி அறை கட்டிக் கதவு போட்டாயிற்று! உள்ளே இருக்கும் டி.வி., பிரிண்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த அறைக்குள். அறைக்குள் இருப்பவர் வெளியே போகலாம். கூடத்தில் இருப்பவர் கதவைத் திறந்து உள்ளே வர முடியாது.

ஒயர் இழுக்க வழி இல்லையா? சில ரவுட்டர்களில் 'விஸ்ப்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. அது வீட்டுக்காரரின் வை-பையைக் காற்றிலேயே பிடித்து, அதற்குப் பின்னால் தனி வலையைக் கட்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் 'ரிப்பீட்டர்', 'எக்ஸ்டெண்டர்' என்று ஒன்றைக் கொடுப்பார்கள். அது கூடத்தை நீட்டும், அறை கட்டாது! ரவுட்டரையே 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் வைத்தாலும் அதே கதைதான். பணமும் போய், பூட்டும் இல்லாமல் நிற்க வேண்டி இருக்கும். வாங்கும்போதே, "எனக்குத் தனி நெட்வொர்க் வேணும்ணே, சிக்னல் கூட்டுறது மட்டும் போதாது" என்று கேட்டு வாங்க வேண்டும்.

பூட்டும் முறை

ரவுட்டர் வாங்கினால் மட்டும் போதாது. பூட்ட வேண்டும்.

முதலில் ரவுட்டரின் நிர்வாக பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். வை-பை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இதை மாற்றாதவர்கள்தான் அதிகம்.

அடுத்தது பூட்டின் ரகம். 'வெப்' என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைந்து விட்டது. அதை யாரும் தொடவே கூடாது. 2004-ல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.-2' அல்லது 2018-ல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.-3' இருக்க வேண்டும்.

பாஸ்வேர்டில் பிள்ளை பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் வேண்டாம். நாலைந்து வார்த்தைகளைச் சம்பந்தம் இல்லாமல் கோர்த்து நீளமாக வைத்தால் யாராலும் ஊகிக்க முடியாது. வை-பை பாஸ்வேர்டுக்குக் குறைந்தது 8 எழுத்து வேண்டும். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. கஞ்சத்தனம் எதற்கு?

'டபிள்யூ.பி.எஸ்.' என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் உடனே சேர்ந்து விடும், சுலபம். அதன் எண் பூட்டைச் சில மணி நேரத்தில் உடைக்கலாம் என்று 2011 டிசம்பரிலேயே வெளியாகி விட்டது. அதை அணைத்து வைப்பதே நல்லது.

இன்னொன்று. வீட்டுக்காரரின் பெட்டியும் புதுப் பெட்டியும் உள்ளுக்குள் ஒரே எண் வரிசையைக் கொடுத்தால் நெட் வராமல் சண்டை போடும். பெரிய பெட்டி 192.168.1 என்று ஆரம்பித்தால், சின்னப் பெட்டியில் 192.168.5 என்று மாற்றி வைத்தால் தீர்ந்தது.

இரண்டு பெட்டியைத் தாண்டிப் போவதால் சில ஆன்லைன் விளையாட்டுகளும், வெளியூரில் இருந்து நேரடியாகப் பார்க்கும் சில கேமராக்களும் தகராறு செய்யலாம். படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் பெரும்பாலும் பாதகம் இல்லை.

வீட்டுக்காரர் பேச்சு

"இன்னொரு பெட்டி வச்சா என் நெட்டு ஸ்பீடு போயிடும்ங்க" என்று வீட்டுக்காரர் சொல்லலாம்.

பாதி சரி, பாதி தப்பு.

புதுப் பெட்டி நெட்டைக் கூடுதலாகக் குடிப்பது இல்லை. அதே டீச்சர், அதே போன், அதே டி.வி. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒரே வரிசையில் கத்தினால் ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்காது. 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாதவை. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொள்ளலாம். 5 கிகா ஹெர்ட்சில் இடம் இன்னும் தாராளம். சுவரைத் தாண்ட அது கொஞ்சம் திணறும். அதுவும் நல்லதுதான். அவரவர் சத்தம் அவரவர் வீட்டோடு நிற்கும்.

வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் பெட்டியில் ஒயரைச் சொருகுவது மட்டும் கூடாது. அது அவர் பொருள். "அண்ணே, எங்க வீட்டு சாமான் பாதுகாப்புக்குத்தான், உங்க பெட்டியில கை வைக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுக்கிறவர்கள் குறைவு.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரிலோ நெட்வொர்க்கிலோ நுழைவது விளையாட்டு அல்ல. 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி, கெட்ட எண்ணத்தோடு செய்தால் 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாஸ்வேர்டு தெரியும் என்பது பக்கத்து வீட்டுக் கேமராவைப் பார்க்கும் உரிமை ஆகாது!

யார் கடமை?

வாடகைக்காரர் தன் அறையைப் பூட்டிக் கொண்டால் அவர் சாமான் தப்பும். ஆனால் கட்டிடத்தின் விலாசம் மாறாது. வெளியே தெரிவது அப்போதும் வீட்டுக்காரர் பெயர்தான். சான்பாடா கதை இங்கே நடக்காமல் தடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்!

அவர் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல.

சுவரில் ஒட்டிய சீட்டை இன்றைக்கே கிழிக்க வேண்டும். சீசன் விருந்தாளிகளுக்குப் பெட்டியிலேயே இருக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்'கைத் தனியாகத் திறந்து விட வேண்டும். ஒரு கோஷ்டி ரூமைக் காலி செய்தால் அந்த பாஸ்வேர்டையும் காலி செய்ய வேண்டும். குடியிருந்தவர் வீட்டை விட்டுப் போகும்போது கதவுச் சாவியைத் திருப்பி வாங்குகிறோம். வை-பை சாவியை மட்டும் அவர் பையிலேயே கொடுத்து அனுப்புவது என்ன நியாயம்?

யார் எப்போது தங்கினார்கள் என்ற நோட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது வந்து கேட்டால், பதில் சொல்ல அதுதான் துணை.

ஏமாந்து பணம் போனவர்கள் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்யலாம். இது சைபர் கிரைம் உதவி எண். பணம் போன பிறகு எடுக்கிற போன் அது. பணம் போகாமல் காப்பது பூட்டு.

பெரிய தோட்டத்துக்கு ஒரு வேலி இருந்தாலும், கோழிக் கூட்டுக்குத் தனிக் கதவு வைக்கிறார்கள். வேலியைத் தாண்டி நரி வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் புத்தி வை-பைக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

மலைக்கு ஏறுகிற காருக்குப் பாஸ் கேட்கிறார்கள். வீட்டுக்குள் ஏறுகிற ஆளுக்கும் பாஸ் வேண்டாமா?

பெருமாள்மலை வீட்டுக்காரர்களும் வாடகைக்காரர்களும் யோசிப்பார்களா? இன்று ராத்திரி கதவைச் சாத்தும்போது அந்தப் பெட்டியையும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்களா?